கிரேடியஸ் பழகுவது எப்படி: கான்ட்ரா தலைமுறைக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும்

மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. கொங்குப் பக்கம் 90களில் டிவி கேம் ஆடிய யாரை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். கான்ட்ராவில் முப்பது லைஃப் வாங்கித் தந்த வரிசை அது. ஆனால் அது முதலில் வந்தது கான்ட்ராவில் இல்லை, கிரேடியஸில். கொனாமி நிறுவனம் 1985இல் ஆர்கேடுக்கு, அதாவது கடையில் காசு போட்டு ஆடும் பெட்டிக்கு, விட்ட விண்கல ஆட்டம் கிரேடியஸ். மறுவருடம் அதை ஃபேமிகாம் என்ற வீட்டுப் பெட்டிக்கு மாற்றும் வேலை கசுஹிசா ஹாஷிமோட்டோவிடம் வந்தது. சோதித்துப் பார்க்க ஆட உட்கார்ந்தால் அவராலேயே முடிக்க முடியவில்லை. அதனால் ஆட்டத்தை நிறுத்திவைத்து இந்த வரிசையை அமுக்கினால் பெரும்பாலான ஆயுதங்கள் ஒரே அடியில் கைக்கு வருகிற மாதிரி வைத்துக்கொண்டார். வெளியீட்டுக்கு முன் அதை எடுக்காமல் விட்டதால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

செய்தவருக்கே கஷ்டமாக இருந்த ஆட்டத்தை நாம் எப்படி ஆடுவது என்று கேட்கலாம். ஆடலாமுங்க. விரல் வேகத்தை நம்பி இறங்குகிறவர்கள்தான் இதில் சீக்கிரம் வெறுத்துப்போகிறார்கள். கணக்குப் போட்டு, எதை எப்போது வாங்குவது, எப்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று யோசிக்கிறவருக்கு இது வளைந்து கொடுக்கும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதலில், எதில் ஆடுவது

ஆட்டத்தின் அமைப்பு எளிது. திரை தானாக இடமிருந்து வலமாக நகரும். உங்கள் கலத்துக்குப் பெயர் விக் வைப்பர். எதிரிகள் வலப்பக்கமிருந்து வருவார்கள். ஸ்டேஜ் முடிவில் ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி. கொனாமியின் 1981 ஆட்டமான ஸ்கிராம்பிளுக்கு அடுத்த பாகமாகத்தான் இதை யோசிக்கத் தொடங்கினார்கள் என்பதால் ஸ்கிராம்பிள் ஆடியவருக்கு வாடை தெரியும். ஜப்பானுக்கு வெளியே ஆர்கேடில் இதன் பெயர் நெமெசிஸ். இரண்டு பெயரையும் பார்த்து வேறு வேறு ஆட்டம் என்று காசு கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது கையில் காசு வைத்துக்கொண்டு தொடங்குகிறவருக்கு நேரான வழி 2025 ஆகஸ்டில் வந்த கிரேடியஸ் ஒரிஜின்ஸ் தொகுப்பு. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ், ஸ்விட்ச், கம்ப்யூட்டரில் ஸ்டீம் எல்லாவற்றிலும் இருக்கிறது. கிரேடியஸ் ஒன்று முதல் மூன்று வரை, சாலமாண்டர், லைஃப் ஃபோர்ஸ், சாலமாண்டர் 2, கூடவே புதிதாகச் செய்த சாலமாண்டர் 3. ஆர்கேடில் நாடு நாடாக மாறிய பதிப்புகளையும் சேர்த்துத் தந்திருக்கிறார்கள். ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டலாம், வேண்டிய இடத்திலிருந்து பயிற்சி எடுக்கலாம். 2019இல் வந்த கொனாமி ஆர்கேடு கிளாசிக்ஸ் தொகுப்பிலும் முதல் இரண்டு கிரேடியஸ் உண்டு. எது மலிவோ அது.

ஆனால் அவையெல்லாம் ஆர்கேடு பதிப்புகள். காசு போடுகிறவனைச் சீக்கிரம் வெளியே அனுப்பி அடுத்தவனை உள்ளே விடுவதற்காகச் செய்தவை. புதிதாக வருகிறவருக்கு நான் சொல்வது 1986 ஃபேமிகாம் பதிப்பு, அதாவது வெளிநாட்டில் நெஸ் என்று விற்ற பெட்டியின் கிரேடியஸ். அதில் ஸ்டேஜ்களைச் சுருக்கியிருக்கிறார்கள், திரையில் வரும் கூட்டமும் குறைவு. நின்டென்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவில் அது கிடைக்கும், நடுவில் சேமித்துவைக்கவும் முடியும். மாதப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற ஊரில் இருக்கிற நமக்கு இந்தச் சேமிப்பு சின்ன விஷயமில்லை. அந்தக் காலப் பெட்டிகளில் நான்காவது ஸ்டேஜில் கரண்ட் போனால் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியதுதான்.

பரணில் பழைய டிவி கேம் பெட்டியும் கேசட்டும் இருக்கிறது என்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நம்மூரில் விற்ற ஃபேமிகாம் நகல் பெட்டிகள் நம் நாட்டு டிவியின் பால் (PAL) முறைக்குச் செய்தவை, நொடிக்கு 50 படம். ஜப்பான் அசல் 60. ஆட்டத்தின் ஓட்டம் படங்களின் எண்ணிக்கையோடு கட்டிப்போட்டிருப்பதால் நம் பெட்டியில் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். பழகுவதற்கு அது வசதிதான். அங்கே கைபழகியவர் அசலைத் தொட்டால் “யாரோ துரத்துற மாதிரி ஓடுது” என்பார். வயசாகிவிட்டது என்று கவலைப்பட வேண்டாம், அசல் வேகமே அதுதான்.

தேர்க்கடையில் தொங்கும் 400 ஆட்டக் கைப்பெட்டியை இதற்காக வாங்க வேண்டாம். திரை சின்னது, எதிரி விடும் குண்டு கண்ணுக்கே தெரியாது.

டிவியில் ஒரு நிமிட வேலை

புது எல்இடி டிவி படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்குச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் அமுக்கியதற்கும் கலம் நகர்வதற்கும் நடுவே அந்தத் தாமதம் விழும். படம் பார்க்கும்போது தெரியாது, சந்து போன்ற பாதையில் பாறைக்கு நடுவே கலம் ஓட்டும்போது உயிரை வாங்கும். டிவி அமைப்பில் ‘கேம் மோட்’ என்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். பழைய டப்பா டிவி இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பழைய இரும்புக்குப் போகக் காத்திருக்கும் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், தூக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும்.

ஜாய்ஸ்டிக்கில் சிலுவை வடிவப் பட்டன் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். குமிழ் குச்சியில் நேர்கோடாக மேலும் கீழும் போவது சிரமம்.

கீழே இருக்கும் பட்டை: இதுதான் ஆட்டமே

சிவப்பு நிற எதிரியைச் சுட்டாலோ, வரிசையாக வரும் கூட்டத்தை ஒன்று விடாமல் சுட்டாலோ ஒரு கேப்சூல் மிதந்து வரும். மற்ற ஆட்டங்களில் எடுத்தவுடன் ஆயுதம் வந்துவிடும். இங்கே வராது. திரையின் அடியில் ஆறு கட்டம் இருக்கிறது: ஸ்பீடு, மிசைல், டபுள், லேசர், ஆப்ஷன், கடைசியில் ஒரு கேள்விக்குறி, அது கவசம். ஒரு கேப்சூல் எடுத்தால் வெளிச்சம் ஒரு கட்டம் நகரும். எந்தக் கட்டம் எரிகிறதோ அதை வேண்டும் என்றால் அதற்கான பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினால் ஆயுதம் உங்களுடையது, வெளிச்சம் அணைந்து பழையபடி முதலிலிருந்து. அமுக்காமல் இன்னொன்று எடுத்தால் அடுத்த கட்டத்துக்குத் தாண்டிவிடும். ஆறையும் தாண்டினால் மறுபடி ஸ்பீடில் வந்து நிற்கும். நீல நிறக் கேப்சூல் மட்டும் வேறு ரகம், எடுத்தவுடன் திரையில் இருக்கும் சில்லறை எதிரிகளை ஒழித்துவிடும்.

திருப்பூர், ஈரோட்டில் ஏலச்சீட்டு போட்டவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. முதல் மாதமே எடுத்தால் தள்ளு அதிகம், கையில் வருவது கொஞ்சம். பொறுத்திருந்தால் தொகை கூடும். நடுவில் சீட்டு நடத்துகிறவர் ஊரைவிட்டு ஓடிவிட்டால் பொறுத்ததெல்லாம் போச்சு. கிரேடியஸில் ஓடிப்போவது உங்கள் கலத்தின் உயிர்.

விலைப் பட்டியலை இப்படி மனசில் வையுங்கள்: ஸ்பீடு ஒரு கேப்சூல், மிசைல் இரண்டு, டபுள் மூன்று, லேசர் நான்கு, ஆப்ஷன் ஐந்து, கவசம் ஆறு. புதியவருக்கு நான் சொல்லும் வரிசை:

1. முதல் கேப்சூலில் ஸ்பீடு. தொடக்கத்தில் விக் வைப்பர் நகர்வது அவ்வளவு மெதுவாக இருக்கும், இது இல்லாமல் எதுவும் நடக்காது.
2. அடுத்த இரண்டில் மிசைல். தரையில் இருக்கும் பீரங்கிகளை அது கவனித்துக்கொள்ளும், நீங்கள் குனிந்து குனிந்து போக வேண்டாம்.
3. மறுபடி ஒரு ஸ்பீடு. இத்தோடு நிறுத்திவிடுங்கள்.
4. பிறகு ஐந்து சேர்த்து ஆப்ஷன். முடிந்தால் இன்னொரு ஐந்து சேர்த்து இரண்டாவது ஆப்ஷன்.
5. நான்கில் லேசர்.
6. எல்லாம் ஆனபின் கவசம்.

கூட்டிப் பார்த்தால் ஃபேமிகாம் பதிப்பில் முழு ஆயுதத்துக்கு 24 கேப்சூல். அங்கே ஆப்ஷன் இரண்டுக்கு மேல் கிடையாது. ஆர்கேடில் ஆப்ஷன் நான்குவரை போகலாம், அப்போது 34.

ஸ்பீடை ஏன் இரண்டோடு நிறுத்தச் சொல்கிறேன் என்றால், ஏற்றிய வேகத்தை இறக்க வழியில்லை. வேகம் கூடிப்போனால் ஒரு தட்டுத் தட்டினாலே பாறையில் மோதும். அக்கா மகன் கோபியிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். கேப்சூல் ஒன்று கண்டால் போதும், டக்கென்று ஸ்பீடை அமுக்கிவிடுவான். “ஏன் மாமா, வேகமாப் போனா தப்பிச்சுக்கலாமல்லங்க?” என்றான். “குண்டுலிருந்து தப்பிச்சுக்கலாம் கண்ணு, செவுத்துலிருந்து தப்ப முடியாது” என்றேன். அவனுக்கு விளங்க வைத்தது என் பேச்சு இல்லை, செவுருதான்.

டபுள் பக்கம் ஆரம்பத்தில் போக வேண்டாம். நேராகவும் சாய்வாக மேலேயும் சுடும், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் டபுள் எடுத்தால் லேசர் போய்விடும், லேசர் எடுத்தால் டபுள் போய்விடும், இரண்டும் சேர்ந்து வராது. முன்னால் வரிசை கட்டி நிற்கும் கூட்டத்தை ஊடுருவிப் போவது லேசர்தான்.

கேப்சூல் கையில் நான்கு சேர்ந்து லேசர் எரிந்துகொண்டிருக்கிறது, உங்களுக்கு வேண்டியது ஆப்ஷன் என்று வையுங்கள். எதிரே இன்னொரு கேப்சூல் மிதக்கிறது, அதை எடுத்தால் ஐந்து. ஆனால் அது இரண்டு பீரங்கிக்கு நடுவே இருக்கிறது. எடுக்கப் போவதா, லேசரோடு திருப்தி அடைவதா? இந்த இடத்தில் ஒரு கணம் நின்று யோசிக்கப் பழகிவிட்டால் கிரேடியஸ் பிடிபட ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல வேண்டாத கட்டம் எரியும்போது எதிரே வரும் கேப்சூலைத் தொடாமல் ஒதுங்கிப்போவதும் ஒரு திறமை.

ஆப்ஷன் பின்னால் வருவது எப்படி

ஆப்ஷன் என்பது கலத்தின் பின்னால் மிதக்கும் ஒளி உருண்டை. நீங்கள் சுடுவதையெல்லாம் அதுவும் சுடும், அதை யாரும் அழிக்க முடியாது. அது உங்களைச் சுற்றிச் சுழலாது. நீங்கள் போன தடத்திலேயே, கொஞ்சம் பிந்தி, அப்படியே வரும். நீங்கள் நின்றால் அதுவும் நிற்கும்.

இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். திரையில் மேலிருந்து கீழே நேர்கோடாக இறங்கி நின்றால் ஆப்ஷன்கள் உங்களுக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும், திரையின் பாதி உயரம் உங்கள் குண்டால் நிரம்பும். முன்னால் போய்ப் பின்னால் வந்தால் ஆப்ஷன் உங்களுக்கு முன்னால் நிற்கும். அப்போது நீங்கள் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அதை வைத்துச் சுடலாம். காலி ஸ்டேஜில் சுடாமல் சித்த நேரம் கலத்தை மட்டும் ஓட்டி, ஆப்ஷன் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துப் பழகுங்கள். பொழுதுக்கும் சுட்டுக்கொண்டே இருக்கிறவருக்கு இது கண்ணில் படாது.

முதல் ஸ்டேஜ், அந்த எரிமலை, அந்த பாஸ்

முதல் ஸ்டேஜ் கேப்சூல் சேர்க்கிற இடம். கூட்டம் வரும் ஒழுங்கு ஒவ்வொரு முறையும் ஒன்றேதான், ஆகவே எங்கே சிவப்பு வருகிறது என்பதை மனப்பாடம் செய்துவிடலாம். கடைசியில் இரண்டு எரிமலை வெடித்துப் பாறையைக் கக்கும். ஆப்ஷன் இருந்தால் மேலே சொன்னபடி உயர வாக்கில் பரப்பிவிட்டு நடுவில் நின்று சுடுங்கள்.

பாஸின் பெயர் பிக் கோர். நீள நீளமாக நான்கு லேசரை ஒரே சமயத்தில் விடும். அந்த நான்கு கோட்டுக்கு நடுவே உங்கள் கலம் நிற்க இடம் உண்டு. பதறி ஓடாமல் அந்த இடைவெளியில் போய் நில்லுங்கள். அதன் நடுவே உள்ள தடுப்புகளை ஒன்றொன்றாக உடைத்து உள்ளே இருக்கும் நீலக் கோரை, அதாவது அதன் கருவை, சுட்டால் தீர்ந்தது. சுடவே முடியாமல் வெறுமனே தப்பித்துக்கொண்டே இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் தானே அழிந்துவிடும். இந்தத் தொடரில் பல பாஸ் இப்படித்தான். ஆயுதம் இழந்து நிற்கும்போது இது பெரிய ஆறுதல்.

மூன்றாவது ஸ்டேஜில் ஈஸ்டர் தீவின் மோவாய் சிலைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கல்லுக்கு வலிக்குமா என்று முகத்தைச் சுட்டுக்கொண்டிருப்பார்கள் பலர். வாயைத் திறந்து வளையம் துப்பும், அந்த வாய்க்குள் சுட்டால்தான் சாகும். இந்தச் சிலைகள் பிறகு வந்த பல பாகங்களிலும் ஏதோ ஒரு வடிவில் தலைகாட்டும். விண்வெளியில் சிலைக்கு என்ன வேலை என்று கேட்டால் பதில் கிடையாது, பார்க்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். கடைசி ஸ்டேஜில் கோட்டையைத் தாண்டிப் போனால் ஒரு பெரிய மூளை. அது திருப்பி அடிக்கவே அடிக்காது. அவ்வளவு தூரம் போய்ப் பாருங்கள், சிரிப்பு வரும்.

செத்த பிறகு என்ன செய்வது

புதியவர்கள் கிரேடியஸை விட்டுப் போவது இந்த இடத்தில். ஒரு குண்டு பட்டால் போதும். ஸ்பீடு, ஆப்ஷன், லேசர் எல்லாம் போய்விடும், கொஞ்சம் பின்னால் கொண்டுபோய் வெறும் கலத்தோடு விடுவார்கள். முழு ஆயுதத்தோடு சமாளித்த இடத்தில் ஆமை வேகக் கலத்தோடு நிற்க வேண்டும். உடனே இன்னொரு லைஃப் போகும், அடுத்ததும் போகும். ஆடுகிறவர்கள் இதற்கு ‘கிரேடியஸ் சிண்ட்ரோம்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

அதனால்தான் நான் பயிற்சியைத் தலைகீழாகச் செய்யச் சொல்கிறேன். சேமிக்கும் வசதி உள்ள பதிப்பில், ஒவ்வொரு ஸ்டேஜிலும் செத்தால் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். வேண்டுமென்றே அங்கே செத்து, வெறும் கலத்தோடு நிற்கும் அந்த நொடியைச் சேமித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து முதல் கேப்சூல் எங்கே வருகிறது, அதுவரை எந்த மூலையில் ஒண்டலாம் என்று மட்டும் திரும்பத் திரும்ப ஆடுங்கள். முழு ஆயுதத்தோடு போகிற பாதையைவிட இது முக்கியம். இங்கே வரிசையும் மாறும்: ஸ்பீடு முதலில், பிறகு கிடைக்கிறதை எடுத்து உயிரோடு அடுத்த கேப்சூல்வரை போவது. ஐந்துக்குக் காத்திருக்கும் சொகுசு கிடையாது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஆர்கேடு கிரேடியஸ் உங்கள் ஆயுதத்தையும், சாகாமல் எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்பதையும் கவனித்து எதிரியின் சுடும் ஆத்திரத்தைக் கூட்டும். எல்லாம் சேர்த்துக்கொண்டு அரசன் போலப் போகிறவருக்குத்தான் குண்டு மழை அதிகம். தேவைக்கு மேல் சேர்க்காதவர் சில இடங்களை நிம்மதியாகக் கடப்பதைப் பார்க்கலாம்.

பின்னோக்கி ஓட்டும் வசதி வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். செத்தவுடன் பின்னோக்கி ஓட்டி ஓட்டி முடித்தால் கடைசித் திரையைப் பார்க்கலாம், ஆட்டம் கைக்கு வராது. படிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தடுத்து எதைத் தொடுவது

ஃபேமிகாம் கிரேடியஸில் மூன்றாவது ஸ்டேஜ்வரை திடமாகப் போக முடிகிறது என்றால் சூப்பர் நின்டென்டோவுக்கு 1990இல் வந்த கிரேடியஸ் 3க்குப் போங்கள். அதன் ஆர்கேடு மூலம் 1989இல் வந்தது, மனிதர் ஆடுவதற்காகச் செய்தார்களா என்று சந்தேகம் வரும். செத்தால் காசு போட்டுத் தொடரவும் முடியாது. வீட்டுப் பதிப்பு அதைவிடப் பெரிதும் இளகியது. ஆயுதங்களை நீங்களே தேர்ந்து அமைக்கலாம். திரையில் கூட்டம் அதிகமானால் பெட்டி திணறி ஆட்டம் மெதுவாகிவிடும். குறை என்று எழுதினார்கள், எனக்கு அது கடவுள் கொடுத்த அவகாசம். இதில் அந்தப் பழைய மேல் மேல் கீழ் கீழை அப்படியே போட்டால் உங்கள் கலம் வெடித்துவிடும்! இடம், வலத்துக்குப் பதில் எல், ஆர் பட்டன்களை அமுக்கினால்தான் ஆயுதம் வரும்.

பிஎஸ்1க்கு 1997இல் வந்த கிரேடியஸ் கைடன் என் பார்வையில் தொடரிலேயே அழகானது. நான்கு கலத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், கீழே இருக்கும் பட்டையின் வரிசையையே உங்கள் இஷ்டத்துக்கு மாற்றி வைக்கலாம். ஆப்ஷனை முதல் கட்டத்தில் வைத்துக்கொண்டால் ஆட்டமே வேறு. பிஎஸ்பி வைத்திருப்பவர்களுக்கு 2006இல் வந்த கிரேடியஸ் கலெக்‌ஷனில் இதுவும் முதல் நான்கு பாகங்களும் சேர்ந்திருக்கின்றன. ட்ரெஷர் நிறுவனம் செய்து 2004இல் பிஎஸ்2க்கு வந்த கிரேடியஸ் 5 பார்வைக்குப் பிரமாதம், கைக்குக் கொடூரம். கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டும் என்றால் முதல் கிரேடியஸ் ஆகாது, அதில் ஒருவர் செத்தபின்தான் மற்றவர். நெஸ் பெட்டியின் லைஃப் ஃபோர்ஸை எடுங்கள். சாலமாண்டரின் வீட்டுப் பதிப்பு அது, இருவரும் ஒரே திரையில் பறக்கலாம், ஒரு ஸ்டேஜ் பக்கவாட்டில் நகர்ந்தால் அடுத்தது மேல்நோக்கி நகரும். செத்தாலும் அதே இடத்தில் திரும்பி வருவீர்கள், பின்னால் கொண்டுபோய் விடாது. முப்பது லைஃப் வரிசையும் இதில் வேலை செய்யும். கேப்சூல் மட்டும் இருவருக்கும் பொது, யார் தொட்டாலும் அவருக்குத்தான். அண்ணன் தங்கை ஆடும் வீடு என்றால் மேல்பாதியில் வருவது ஒருவருக்கு, கீழ்பாதியில் வருவது இன்னொருவருக்கு என்று ஆட்டத்தைப் போடுவதற்கு முன்பே பேசிவைத்துவிடுங்கள்.